கோப்பாய்ச் சந்தியில் ஆளில்லை

தொண்டர் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. நல்ல பிள்ளைகள், ஒரு சதம் வாங்காமல் வெயிலில் நிற்கிறவர்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் சம்பளம் வாங்காதவனை ஏசவும் ஏலாது, மறிக்கவும் ஏலாது. போகிறேன் என்றால் போய்விடுவான். பின்னால் நின்று கையைப் பிசைவதுதான் எங்களுக்கு மிச்சம்.

நான் அப்போது புத்தூரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறந்து வளர்ந்தது குருநகரில். டீசல் இல்லாமல் பஸ் எல்லாம் படுத்துவிட்ட காலம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள், மற்றவர்கள் சைக்கிள் மிதித்தோம். தினமும் அவ்வளவு தூரம் மிதித்தால் படிப்பிக்க மூச்சு மிஞ்சாது என்று புத்தூரிலேயே ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போய், ஞாயிறு பூசை கண்டு, திங்கள் விடியத் திரும்புவேன்.

எதிர்வீட்டில் தையல் அக்கா இருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் வழங்காமல் போனவர். கையால் சுற்றும் மெஷினில் ஊர் முழுவதற்கும் சட்டை தைப்பார். அவர் வாய்க்கும் கத்தரிக்கோலுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. எனக்கு அந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு கொடுக்க வாய்த்த ஒரே ஆள் அவர்தான்.

நீர்வேலியில் ஒரு தையல் வகுப்பு தொடங்கப் போவதாகவும், படிப்பிக்க அக்காவையே எடுக்கலாம் என்றும் கேட்டு வந்தார்கள். தை மாதம் வேலை தொடங்கும். ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்து போக வேண்டும், அதற்கு வழியில்லை என்றால் வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவின் தம்பி தோட்டம் செய்கிறவர். விடியத் தண்ணீர் இறைக்கப் போகிற மனிதர் தினமும் தமக்கையைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு அலைய முடியாது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டி ஒன்று இருந்தால் அக்கா தானே போய்த் தானே வருவார். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் பழைய சைக்கிள்களை வெட்டி அப்படி வண்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். தைக்கு முன் வண்டி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூடிப் பேசினோம். ஓட்டப்போட்டி வைப்பது என்று முடிவானது. புத்தூர்ச் சந்தியில் தொடங்கி, நீர்வேலி, கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு தாண்டித் திருநெல்வேலியில் முடிக்க வேண்டும். வழியில் உள்ள கடைக்காரர்களும் வசதியான வீட்டுக்காரர்களும் ஓடி முடிக்கிற ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தருவார்கள். “முடிக்கிற ஆளுக்குத்தான் தருவம். பாதியிலை நிண்டு சர்பத் குடிக்கிறவருக்கு இல்லை” என்று ஒரு கடைக்காரர் அழுத்திச் சொன்னார். ஆகவே எல்லையில் வந்து சேர்கிறவர்களின் கையில் அக்கா தைத்த சிவப்புத் துணிப்பட்டி ஒன்றைக் கட்டுவது, பட்டி உள்ளவன் முடித்தவன் என்று எண்ணிக்கொள்வது.

நாள் குறிக்கவே இரண்டு கூட்டம் போனது. வெள்ளி கோயில் நாள். செவ்வாய் ஆகாது. ஞாயிறு எனக்குப் பூசை. சனியன்று தொடங்கினால் சனி பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். பிடித்தால் பிடிக்கட்டும் என்று நான் மேசையில் தட்டினேன். கூட்டம் கூடினால் குண்டு போடப் பொம்மர் வரும், ஆகவே விடியத் தொடங்கி வெயில் ஏறமுன் முடிப்பது என்பதில் மட்டும் ஒருவரும் மாறுபடவில்லை.

தொண்டர்களைச் சேர்த்துத் தந்தவர் அக்காவின் தம்பி. எல்லோரும் புத்தூர். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், சொன்னதைச் செய்தார்கள், ஒருவரையொருவர் மச்சான், சித்தப்பா, பெரியப்பு என்று கூப்பிட்டுக்கொண்டு தென்னோலை வெட்டினார்கள். என்ன ஒற்றுமையான பிள்ளைகள் என்று குருநகரில் போய்ப் பெருமையடித்தேன். நான் பார்த்துப் பூரித்த ஒற்றுமைதான் என் கழுத்தில் விழப்போகிற கயிறு என்று எனக்குச் சொன்னவர் அக்கா.

“உவ்வளவும் ஒரே துடக்குக்காரர் எண்டு உனக்குத் தெரியுமோ?” என்றார் ஒரு நாள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு.

எனக்கு எங்கே தெரியும்? எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் கோயிலில் துக்கமணி அடிக்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். அடக்கம் முடிந்தால் அடுத்த நாள் வள்ளம் கடலுக்குப் போகும். இங்கேயோ ஒருவர் கண்ணை மூடினால் அந்த வழிச் சொந்தம் முழுக்கத் துடக்கு, சாவுத் தீட்டு. விளக்கேற்றுகிற இடத்துக்கு வரமாட்டார்கள், நல்ல காரியத்தில் கை வைக்கமாட்டார்கள், சாவீட்டில் போய் நிற்காவிட்டால் ஊர் காறித் துப்பும்.

“பெரியையா இழுத்துக்கொண்டு கிடக்கிறார். அவர் போனால் உன்ரை கொடி பிடிக்க ஒரு குஞ்சு குருமான் மிஞ்சாது” என்றார் அக்கா.

பெரியையா எங்கள் நிலையத் தலைவரின் தமையன். சந்திக்குப் பக்கத்து வீடு. ஒரு மாதமாகப் படுக்கை. நான் பக்கத்து ஊர்களுக்கு ஓடினேன், வேறு தொண்டர் தேடி. “புத்தூர்க்காரர் நடத்திற ஓட்டத்துக்கு நாங்கள் ஏன் வெயில் காய்வான்?” என்று கேட்டார்கள். வண்டி ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு என்றேன். “அது சரி, ஆனால் நோட்டீசிலை எங்கடை ஊர்ப் பேர் இல்லையே” என்றார்கள். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். கூடுவதற்கு முதல் யார் வடத்தின் எந்த முனையைப் பிடிப்பது என்று சண்டை.

அதன் பிறகு நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியையாவைப் பார்க்கப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தோடம்பழம், ஏதாவது கையில் இருக்கும். வேதக்காரப் பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம் என்று வீட்டுப் பெண்கள் கண் கலங்கினார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் அது. சோறு இறங்குகிறதா, மூச்சு எப்படி, வைத்தியர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதெல்லாம் என் ஓட்டப்போட்டிக்காக. அவர் மட்டும் ஏமாறவில்லை. ஒரு நாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பயப்பிடாதை பிள்ளை. சனி வரைக்கும் தாங்குவன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சனிக்கிழமை வந்தது.

விடியற்காலையில் அக்காவைத் தம்பி கரியரில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், ஒரு பள்ளிக்கூட வாசலில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தினார். “சும்மா காட்சிக்கு இருக்க மாட்டன், எனக்கும் வேலை தா” என்று அக்காவே கேட்டிருந்தபடியால் பட்டி கட்டும் வேலை அவருக்கு. துணைக்கு இரண்டு தொண்டர்கள். தம்பி திரும்பிக் கல்வியங்காட்டுத் திருப்பத்தில் நின்றார். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு தொண்டர், கையில் கொடி. புத்தூர்ச் சந்தியில் குத்துவிளக்கு ஏற்றி, தேவாரம் பாடி, தலைவர் கொடியை அசைத்தார். ஓட்டக்காரர்கள் புறப்பட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சை உள்ளே இழுக்கமுன் பக்கத்து வீட்டில் ஒப்பாரி எழும்பியது.

தலைவர் கொடியைக் கீழே போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனார். விளக்கடியில் நின்ற அத்தனை பேரும் பின்னால் போனார்கள். சரி, போகட்டும், தொடக்கம் முடிந்துவிட்டது, வழியில் நிற்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியையாவின் மருமகன் முறையானவர். கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிறவர். தோளில் வெள்ளைத் துண்டு.

“எங்கை போறியள் அண்ணை?”

“செத்தவீடு சொல்ல. நீர்வேலி, கோப்பாய், இருபாலை எல்லாம் எங்கடை ஆக்கள்தானே. உச்சிக்கு முதல் எடுக்கோணும்.”

நீர்வேலி, கோப்பாய், இருபாலை. என் தொண்டர்கள் நிற்கிற அதே வரிசை, அதே தெரு. அவர் ஏறி மிதித்தார். ஓட்டக்காரரை விடச் சைக்கிள் வேகம் என்பதைக் கணக்குப் பார்க்க எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை.

நானும் சைக்கிளில் பாய்ந்தேன். ஓட்டக்காரர்களைத் தாண்டி நீர்வேலிக்குப் போனால், அங்கே மருமகன் சைக்கிளை விட்டு இறங்கி, துண்டைக் கையில் எடுத்து, எப்போது மூச்சுப் போனது, கடைசியாக யார் பால் பருக்கியது, எத்தனை மணிக்கு எடுப்பது என்று முறையாகச் சொல்லிக்கொண்டு நின்றார். வீதியால் போகிறபோக்கில் கத்திவிட்டுப் போகிற செய்தி இல்லை அது. அந்த முறைதான் எனக்கு அவரைப் பிடிக்க நேரம் தந்தது. தொண்டர் கொடியை மதிலில் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

“ஓட்டக்காரர் இன்னும் வரேல்லை! ஒரு கொஞ்ச நேரம் நில்லும்!” என்றேன்.

“டீச்சர், சொந்தத்துக்குள்ளை செத்தவீடு. நான் இதிலை கொடி பிடிச்சுக்கொண்டு நிண்டால் ஆக்கள் என்ன கதைப்பினம்?”

மருமகனின் சைக்கிள் கைபிடியை எட்டிப் பிடித்தேன். “அண்ணை, உங்களைக் கும்பிட்டன். ஓட்டம் முடியும் வரைக்கும் பொறுங்கோ. அவைக்குக் கொஞ்சம் பிந்திச் சொல்லுங்கோ.”

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். “செத்தவீடு சொல்லப் போறவனை மறிக்கக் கூடாது பிள்ளை” என்று மெதுவாகச் சொல்லி, என் கையைக் கைபிடியிலிருந்து எடுத்து விட்டுவிட்டு மிதித்தார்.

கோப்பாய்ச் சந்தியில் நின்ற தொண்டர் கெட்டிக்காரன். வெள்ளைத் துண்டைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. காதில் விழாதவரைக்கும் துடக்கில்லை என்று ஒரு நம்பிக்கை அங்கே உண்டு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு கடைக்குப் பின்னால் ஓடி ஒளித்தான். வாழ்க பிள்ளை என்று நான் நினைத்து முடியமுன், மருமகன் கடை வாசலில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உரத்த குரலில் முழுவதையும் அறிவித்துவிட்டார். வெளியே வந்தவனின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொடியை என் கையில் தந்துவிட்டுப் போனான்.

அந்தக் கொடியோடு நான் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். கோப்பாய்ச் சந்தியில் நாலு பக்கமும் தெரு பிரிகிறது. நேரே போனால் இருபாலை, வலப்பக்கம் திரும்பினால் உரும்பிராய், இடப்பக்கம் கைதடி. ஆள் தேவைப்பட்ட இடமே அதுதான். ஆனால் எனக்குத் தலைக்கேறியிருந்தது. அவரை முந்தி இருபாலைக்குப் போக வேண்டும், என் ஆட்களை மறித்துப் பிடிக்க வேண்டும். கொடியைக் கரியரில் செருகிக்கொண்டு மிதித்தேன். சேலைத் தலைப்பு சில்லுக்குள் போய்க் கிழிந்தது. இறங்கி இழுத்தெடுத்து ஏறுவதற்குள் அவர் இருபாலையைத் தாண்டிவிட்டார். இருபாலையில் ஆளில்லை.

கல்வியங்காட்டில் நான் போய்ச் சேர, அக்காவின் தம்பி சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எழும்பி வந்தார்கள். “உம்மடை அக்காவுக்குத்தானே இந்த ஓட்டம்! ஆருக்காக நான் இந்த நாய்ப்பாடு படுறன்?” என்றேன். “எனக்குத் தெரியும் டீச்சர். ஆனால் பெரியையா” என்றார். போய்விட்டார்.

நான் கொடியோடு நின்றேன். நின்றேன், நின்றேன். ஒரு காகம் கூட அந்தத் தெருவால் வரவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் நாலைந்து பேர் மூச்சிரைக்க வந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். “முன்னுக்கு ஓடினவை கோப்பாயிலை உரும்பிராய்ப் பக்கம் திரும்பீட்டினம். அங்கை ஆளில்லை” என்றார்கள். முன்னால் ஓடுகிறவன் திரும்பினால் பின்னால் வருகிறவனும் திரும்புவான்தானே. கொடியை முழங்காலில் வைத்து முறித்தேன். அவ்வளவு கோபம்.

திருநெல்வேலிக்கு நான் அழுதுகொண்டுதான் போனேன். போனால், பள்ளிக்கூட வாசலில் ஓட்டக்காரர்கள் தெருவோரமாகக் கிடந்தார்கள். எல்லோருடைய கையிலும் சிவப்புப் பட்டி. கதிரையில் அக்கா தனியாக இருந்தார். துணைக்கு விட்ட இரண்டு பேரும் இல்லை.

உரும்பிராய்க்குத் திரும்பியவர்கள் அங்கே வழி கேட்டு, பலாலி வீதியைப் பிடித்து, கோண்டாவிலால் ஓடி மறுபக்கத்தால் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா கட்டிவிட்டிருக்கிறார்.

“வழி மாறி வந்தவைக்கும் கட்டிப்போட்டியளே! கடைக்காரர் கேட்டால் நான் என்ன சொல்ல?” என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

“இரைக்க இரைக்க வந்தாங்கள், கட்டினன். எந்தப் பக்கத்தாலை வந்தாங்கள் எண்டு தெருவைக் கேள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று தோன்றியது. அத்தனை தொண்டர்களிலும் நின்றது இந்த ஒரு மனுஷிதான். அதை வாய்விட்டுச் சொன்னேன். “எல்லாரும் விட்டிட்டு ஓடீட்டினம் அக்கா. நீங்கள் ஒராள்தான் கடைசி வரைக்கும் நிண்டனீங்கள்.”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “எனக்கும்தான் வந்து சொன்னவர். துண்டைக் கையிலை எடுத்து, முறையாச் சொன்னவர். நீயும் வா பிள்ளை எண்டவர். எதிலை வாறது எண்டு அவரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.” கையில் மிஞ்சிய பட்டிகளைச் சுருட்டினார். “வண்டி இருந்திருந்தால் நானும் போயிருப்பன். என்னை மெச்சாதை.”

அக்காவை உடனே செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். எல்லையில் பேச அழைத்திருந்த பிரதம விருந்தினர் விடவில்லை. பிந்தி வந்தவர், பிந்தி வந்தபடியால் குறைத்துப் பேசுவார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. உடல் ஊனம் ஒரு குறையல்ல என்று அக்காவைக் காட்டிக் காட்டிப் பேசினார். அக்கா வெயிலின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு ஓட்டக்காரன் இரவல் வாங்கிய சைக்கிள் கரியரில் அவரை ஏற்றி, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மிதித்துப் புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரேதம் எடுத்துவிட்டார்கள். முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா கரியரில் இருந்தபடியே அந்த ஈர முற்றத்தைப் பார்த்தார். “நான் தைச்ச சட்டையிலை பிழை பிடிக்க அந்த மனிசன் ஒராள்தான் இருந்தது” என்றார். பிறகு வீட்டுக்கு விடச் சொன்னார். அவர் அழுததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

கடைக்காரர்களோடு ஒரு மாதம் இழுபறிப்பட்டேன். வழி மாறி ஓடியது கணக்கில் சேராது என்றார் சர்பத்தைப் பற்றிச் சொன்ன அதே கடைக்காரர். கையில் பட்டி இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். என் தொல்லை தாங்காமல்தான் கடைசியில் தந்தார், தருமத்துக்காக அல்ல. மார்கழி மழைக்குள் வண்டி வந்தது. தையில் அக்கா நீர்வேலிக்கு வேலைக்குப் போனார். தானே போனார், தானே வந்தார்.

அடுத்த வருஷமும் ஓட்டம் வைத்தோம், வேறு ஒருவருக்காக. இந்த முறை நான் ஏமாறவில்லை. ஊருக்கு ஒருவராகத் தொண்டர் சேர்த்தேன். யாருக்கு யார் என்ன முறை என்று குடும்ப வரலாறெல்லாம் விசாரித்து, ஒருவருக்கொருவர் துடக்கில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். கோப்பாய்ச் சந்தியில் குருநகரிலிருந்து வந்த என் தமையனை நிறுத்தினேன். எல்லைக்கோட்டுக்கு மட்டும் அக்கா. அதில் எனக்கு இரண்டாம் யோசனையே வரவில்லை. போன முறை நின்றவர் அல்லவா.

கொடி அசைந்தது. ஒப்பாரி இல்லை. சந்திக்குச் சந்தி ஆள் நின்றார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் ஒழுங்காக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்ற நினைப்போடு திருநெல்வேலியில் போய் இறங்கினேன்.

கதிரை இருந்தது. அதன் மேல் துணிப்பட்டிகள் ஒழுங்காக அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல் வைத்திருந்தது. அக்கா இல்லை. ஓடி முடித்தவர்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“எங்கை அவ?”

“தையல் வகுப்புப் பிள்ளை ஒண்டின்ரை தகப்பன் விடியச் செத்துப்போனாராம். ஆரோ வந்து சொல்ல, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிட்டா.”

எனக்கு நெஞ்சு நிறைந்தது, கண் பனித்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். பொய் எழுத மாட்டேன். எனக்குக் கெட்ட கோபம் வந்தது. வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கட்டினேன். வலை கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு முடிச்சு அவிழாது. அன்றைக்கு ஓடியவர்கள் பிளேடு வைத்து வெட்டித்தான் பட்டியைக் கழற்றினார்களாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகமுன் எதிர்வீட்டுக்குள் ஏறினேன், கேட்பதற்கென்றே. அக்கா வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று. நான் வாயைத் திறக்கமுன் அவரே சொன்னார்:

“போன வருசமே உனக்குச் சொன்னனான்தானே. தள்ளி நில், சில்லு காலிலை ஏறப் போகுது.”

தள்ளி நின்றேன்.